கடைசி ஆளுக்குப் பின்னால்

மணிச்சத்தம்தான் முதலில் வந்தது. பள்ளத்தாக்கை மூடுபனி அடைத்திருந்தது. ஆறு எங்கே, தேவாலயக் கோபுரம் எங்கே, நாலு எட்டுக்கு அப்பால் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது, ஒன்றும் தெரியவில்லை. மணி மட்டும் ஒவ்வொரு அடியாய் அந்த ஈரத்தைத் துளைத்துக்கொண்டு மேலேறி வந்து ஓய்ந்தது. தில்லையம்பலம் சைக்கிளின் இருபுறமும் கால்களை ஊன்றியபடி அடுத்ததற்குக் காத்து நின்றான். இந்த ஆற்றங்கரை ஊர்களில் மணி ஒவ்வொரு நேரத்தையும் இரண்டு தரம் அடிக்கும், கொஞ்சம் இடைவெளி விட்டு, முதல் தரம் எண்ணத் தவறியவனுக்காக. வந்த புதிதில், எண்ணத் தவறுகிறவனுக்கும் இங்கே ஒரு ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்களே என்று நெஞ்சு இளகியிருக்கிறான். இன்றைக்கு அது மறுபடி அடிக்கத் தொடங்கியபோது எரிச்சல்தான் வந்தது. சரி, சரி, கேட்டுது. மணி இரண்டு தரம் சொல்கிறது, கூட வருகிற பரஞ்சோதி ஒரு தரமும் சொல்லவில்லை. பின்னால், பனிக்குள், பரஞ்சோதி மூக்குச் சீறுவது கேட்டது. பிறகு அவனுடைய பச்சை ஹெல்மெட் வந்தது, பிறகு வயிறு, பிறகு சைக்கிள். “என்னடாப்பா, வேதக் கோயில் மணிக்கும் கும்பிடத் தொடங்கிட்டியே?” என்றான். தில்லையம்பலம் பக்கத்து ஓக் மரக் கிளையில் கட்டியிருந்த மஞ்சள் நாடாவை இழுத்தான்; முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது; பல்லால் கடித்து அவிழ்த்துப் பைக்குள் திணித்தான். அதுதான் அவர்களுடைய வேலை. வருடத்துக்கு ஒருமுறை, இலை பழுக்கிற காலத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பட்டணத்துச் சைக்கிள் கழகம் நூற்றுக்கணக்கான ஆட்களை மலைச்சைக்கிள்களில் இந்த மேடுபள்ளங்களுக்குள் அனுப்பும். ஒரு குன்றின் உச்சியில் மதில் சூழ்ந்த கல் ஊர் ஒன்று, கீழே ஆறு, எதிர்க்குன்றின் உச்சியில் அதே மாதிரி இன்னொன்று, எழுநூறு வருடப் பழைய சந்துகளுக்குள்ளால் டயர்கள் தடதடக்கும். சனிக்கிழமையே கழகத்து ஆட்கள் போய் வழி முழுக்க மஞ்சள் நாடா கட்டி வைப்பார்கள். போகக்கூடாத கிளைப்பாதைக்குக் குறுக்கே சிவப்பும் வெள்ளையுமான நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். எல்லோரும் போன பிறகு, கடைசி ஆளுக்கும் பின்னால், இரண்டு பேர் அத்தனையையும் அவிழ்த்துக்கொண்டு வரவேண்டும். காட்டில் ஒரு துண்டு பிளாஸ்டிக் கிடக்கக் கூடாது, இங்கே அது மதம் மாதிரி. வேகமாக ஓடத் தெரியாத, மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்திப்போய் இடம் பிடிக்க ஆசையில்லாத இரண்டு பேர். பல வருடமாக அந்த இரண்டு பேர் இவர்கள்தான். இந்த வேலைக்கு ஒரே ஒரு சட்டம்: பின்னால் ஒருவன் இருக்கும்போது எந்த முடிச்சிலும் கை வைக்கக் கூடாது.

காலையில் பெயர் பதிகிற மேசையில், பரஞ்சோதி சொல்லாததை ஒடீல்தான் சொன்னாள். ஒடீல் கழகத்தின் காரியதரிசி, தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்றவள், வாறவர் போறவர் எல்லோரையும் கன்னத்தில் கொஞ்சுகிற மனுசி. பையை நீட்டியபடி, பரன் (பரஞ்சோதி அவள் வாயில் பரன்தான்) லண்டனுக்குப் போன பிறகு அடுத்த வருடம் உன்னோடு யார் போவார்கள், பாவம் நீ, என்றாள். பிரெஞ்சில் சொன்னாள். ஓம், கஷ்டம்தான், என்று இவனும் பிரெஞ்சில் சிரித்தான். தெரிந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான். வைத்த முகம் விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு சைக்கிள்வரை நடக்கிறது மாதிரி இருந்தது. அங்கே பரஞ்சோதி குந்தியிருந்து டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான், பம்பை அமுக்குகிறபோதெல்லாம் “உஸ், உஸ்” என்று வாயாலும் ஊதிக்கொண்டு. நேற்று இரவும் பாண் தொழிற்சாலையில் இதே பரஞ்சோதி இவனுக்குப் பக்கத்தில் நின்று, அடுப்பிலிருந்து வருகிற பாண்களில் கருகியதைப் பொறுக்கி எறிந்தபடி, தன் சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு பெடியனுக்கு மூக்கில் குத்தின கதையைச் சொன்னான். கதை சொல்ல வாய் இருந்தது. லண்டன் என்று சொல்ல இல்லை. ஒடீலுக்குச் சொல்லியிருக்கிறான். ஒடீலுக்கு, அந்தக் கொஞ்சுகிற மனுசிக்கு, அவளுக்கு லண்டன் எங்கேயிருக்கிறது என்றாவது தெரியுமோ. தெரியும், தெரியும், இந்தப் பள்ளத்தாக்கில் நாய்க்கும் லண்டனைத் தெரியும். ஒரு காலத்தில் இந்தக் கரை ஊர்கள் பிரெஞ்சு ராசாவோடும் அந்தக் கரை ஊர்கள் ஆங்கிலேய ராசாவோடும் நின்று தலைமுறை தலைமுறையாக ஒன்றை ஒன்று எரித்துக்கொண்டிருந்தன என்று ஒவ்வொரு மதில் வாசல் வளைவுக்குக் கீழேயும் பலகை வைத்திருக்கிறார்கள். வேலையிடத்து இடைவேளைகளில் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு பிரெஞ்சு படித்தவன் தில்லையம்பலம். அந்தப் பலகைகள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறான், ஒன்றிலும் அந்த ஊர்க்காரன் யாரும் அக்கரைக்காரனோடு என்ன கதைத்தான் என்று எழுதியிருக்கவில்லை.

ஏற்றம் தொடங்கியது. சிறிய பற்சில்லுக்கு மாற்றினான். செயின் கரகரத்து உட்கார்ந்தது. ஈரக் கல், அழுகின வாதுமை இலை, எங்கேயோ விறகுப் புகை. தொடை எரிந்தது, எரியட்டும். இடது பக்கத்து மரங்கள் இவனுக்கு, வலது பக்கத்து மரங்கள் பரஞ்சோதிக்கு. ஒரு நாளும் பேசி வைத்ததில்லை, தானாக அமைந்தது. பாரிசில் ஒரே உணவகத்தின் பின்னறையில் ஒருவன் கோப்பை கழுவ மற்றவன் துடைத்ததில் தொடங்கியது. பிறகு இங்கே பாண் தொழிற்சாலையில் இரவு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரே ரயிலில், ஒரே அட்டைப் பெட்டியில் கறித்தூளும் ஊதுபத்தியும் கட்டிக்கொண்டு வந்தார்கள். பரஞ்சோதிக்குச் சுகந்தி வந்தாள், இரண்டு பெண்பிள்ளைகள் பிறந்தார்கள். இவனுக்குப் பேசி வைத்த பெண் கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்து அலுத்துப்போய்க் கனடா மாப்பிள்ளை ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவளில் பிழையில்லை, காத்திருக்கிற அளவுக்கு இவன் ஒன்றும் பெரிய ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பரஞ்சோதி வீட்டில் சாப்பாடு. பிள்ளைகள் தில்லை மாமா என்பார்கள். இந்தப் பள்ளத்தாக்கில் அந்த ஒரு வீட்டைவிட்டால் தமிழில் தும்முவதற்கும் ஆள் கிடையாது. பரஞ்சோதி போய்விட்டால் என்ன ஆகும்? பெரிதாய் ஒன்றும் ஆகாது. விடிய வேலை முடிந்து அறைக்கு வருவான், யன்னல் பலகையைச் சாத்துவான், படுப்பான், எழும்புவான், பாண் வாங்கப் போவான், வணக்கம் மதாம், நன்றி மதாம். நாக்கு ஒருபக்கமாய்த் தேய்ந்துபோகும், குதி தேய்ந்த சப்பாத்து மாதிரி. சொல்லிப்போட்டுப் போனால் என்ன. சொன்னால் நான் என்ன காலைப் பிடித்து இழுக்கப் போகிறேனா. “டேய், மெல்லப் போடா,” பின்னாலிருந்து மூச்சிரைப்பு. “எனக்குச் சீனி வருத்தம், உனக்கு விசர் வருத்தம்.” தில்லையம்பலம் மெல்லப் போகவில்லை. இப்போது சொல்வான் என்று ஒவ்வொரு வளைவிலும் நினைத்தான். இந்த வளைவில். அந்தச் சிலுவை நிற்கிற மேட்டில் மூச்சு வாங்க நிற்கும்போது. நின்றார்கள். பரஞ்சோதி தண்ணீர் குடித்தான், வாயைத் துடைத்தான், “மச்சான், உன்னட்ட ஒண்டு…” என்றான். தில்லையம்பலம் முழுதாய்த் திரும்பினான். “…பேரீச்சம்பழம் கிடக்கோ? எனக்குக் கை நடுங்குது.” பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். பரஞ்சோதி இரண்டைச் சேர்த்து வாய்க்குள் போட்டான். கொட்டையைப் பனிக்குள் துப்பினான்.

அப்போதுதான் தொலைபேசி அடித்தது. இந்த மேட்டில் மட்டும் கொஞ்சம் சிக்னல் கோடு வரும். பரஞ்சோதி எடுத்துப் பார்த்தான், முகத்தை அந்தப் பக்கம் திருப்பினான், குரலைத் தாழ்த்தினான். “ஓம்… ஓமப்பா… அந்த வீடோ, தோட்டம் இல்லாததோ…” பிறகு திரும்பி இவனைப் பார்த்து, தொலைபேசியின் வாயைப் பொத்தியபடி மற்றக் கையால் முன்னே தள்ளுகிற மாதிரிக் காட்டினான், “நீ போய்க்கொண்டிரு, நான் வாறன்.” தோட்டம் இல்லாத வீடு. வீடு பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது. இவன் போனான். இடது மரம், நாடா. வலது மரம், நாடா; இப்போது இரண்டு பக்கமும் இவனே. முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லை, கிளையோடு பிடுங்கினான், மழைத்துளிகள் கழுத்துக்குள் விழுந்தன. பேரீச்சம்பழம் கேட்கிறான். நான்தான் அவனுக்குப் பேரீச்சம்பழம் சுமக்கிறேன், அவனுடைய சீனி வருத்தத்துக்கு, ஒவ்வொரு முறையும், ஒரு நாளும் கேளாமல். லண்டனில் யார் சுமப்பான். சுகந்தியின் தமையன்மார் சுமப்பார்கள், இரண்டு பேர், இரண்டு பேருக்கும் பெற்றோல் நிலையம். அங்கே கோயில் இருக்கிறது, பரதநாட்டியம் இருக்கிறது, பிள்ளைகள் இங்கிலீஷ் படிக்கும், நியாயம்தானே, எல்லாம் நியாயம்தான், நியாயம் என்பதால்தான் இப்படிப் பற்றி எரிகிறது. அநியாயமாக இருந்தால் ஏசலாம். பாதை இரண்டாகப் பிரிகிற இடம் வந்தது. வலதுகைப் பக்கம் ஊருக்கு இறங்குகிறது. இடதுகைப் பக்கம், அகலமாய், இறங்குகிறவனுக்கு ஆசை காட்டுகிற மாதிரி நேராய், கல் வெட்டியெடுத்த பழைய கிடங்குக்குப் போகிறது. கீழே இருக்கிற ஊர் முழுக்க, மதில், தேவாலயம், பாலம், எல்லாம் அந்தக் குழிக்குள்ளிருந்து வந்தவை. ஊர் எவ்வளவு உயரம் எழும்பியதோ அவ்வளவு பள்ளம் இங்கே. பாதை பன்னம்செடிப் புதர்களுக்குள்ளால் போய்ச் சொல்லாமல் கொள்ளாமல் குழி விளிம்பில் முடியும். அதன் குறுக்கே சிவப்பு வெள்ளை நாடாவை மார்பு உயரத்துக்கு இழுத்து இரண்டு மரத்திலும் இரட்டை முடிச்சுப் போட்டிருந்தார்கள். தில்லையம்பலம் இறங்கினான். சைக்கிளை மரத்தில் சாத்தினான். ஒரு முடிச்சு. மற்ற முடிச்சு. நாடாவைக் கையில் சுற்றி எடுத்துப் பைக்குள் வைத்தான். ஏறினான். வலதுபக்கம் திரும்பினான்.

இறக்கம். இதுதான் அவனுக்குப் பிடித்த துண்டு. ஆசனத்துக்குப் பின்னால் பிட்டத்தைத் தள்ளி, முழங்கையைத் தளர்த்தி, பிறேக்கில் இரண்டு விரல் மட்டும். கல்லும் வேரும் சில்லுக்குக் கீழே வந்து வந்து மறைய, பல்லெல்லாம் கடகடக்க, மண்டைக்குள் இருந்த பேச்சு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டது. ஒரு முடிச்சில் நின்றான், பிடுங்கினான், விட்டான், அடுத்த முடிச்சு. பனி மெலிந்தது. கூரைகள் வந்தன, பழுப்பு ஓடு, கூம்புக் கோபுரம், உடைந்த மதில். அந்த மதிலுக்கு முன்னால் நின்று ஆட்கள் படம் எடுப்பார்கள். இடிந்ததை அப்படியே விட்டுக் காசு வாங்கத் தெரிந்த சனம். அவன் ஊரில் இடிந்த சுவரைக் கண்டால் முதலில் குனிவார்கள். சந்துக்குள் புகுந்து, படிகளில் தடதடத்து, பாலத்தடிச் சந்தியில் வந்து நின்றான். சூப் ஊற்றிக்கொடுத்த மேசையைக் கழகத்துக் கிழவர் ஒருவர் மடித்துக்கொண்டிருந்தார். இவனுக்காக ஒரு கோப்பை எடுத்து வைத்திருந்தார். “மற்றவர் எங்கே?” என்றார். “உன் சகோதரர்?” இங்கே எல்லோருக்கும் அவர்கள் சகோதரர்கள்தான், ஒரே நிறம், ஒரே மீசை. தில்லையம்பலம் சூப்பை வாங்கிக்கொண்டு, எப்போதும் செய்கிற மாதிரி, திரும்பிப் பாராமலே பெருவிரலைத் தோளுக்கு மேலால் பின்னே காட்டினான். பின்னால் வருகிறான். பின்னால். பெருவிரல் அப்படியே நின்றது. பை முதுகில் கனத்தது, உப்பிப்போய், நாடாக்களால்.

கோப்பையை மேசையில் வைத்தானா கீழே போட்டானா தெரியாது. சைக்கிளைத் திருப்பினான். தொலைபேசியை எடுத்தான், கோடில்லை, ஆற்றடியில் ஒருநாளும் கோடு இருந்ததில்லை. படிகளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினான், சந்து முடிய ஏறி மிதித்தான், மிதிக்க முடியாத இடத்தில் தள்ளினான். பரஞ்சோதிக்கு வழி தெரியாது. இத்தனை வருடமாக இதே காட்டுக்குள் வந்தும் தெரியாது, ஏனென்றால் பரஞ்சோதி வழியைப் பார்ப்பதில்லை, இவனுடைய பின்சில்லைத்தான் பார்ப்பான். “எனக்கு என்னத்துக்கு வழி, நீ இருக்கிறாய்,” அவன் சொன்னது. இவன் இல்லாவிட்டால் நாடாவைப் பார்ப்பான். நாடா இல்லாவிட்டால் அகலமான பாதையைப் பார்ப்பான். கண்ணும் சரியில்லை, சீனி கண்ணுக்கு ஏறிவிட்டது என்று போன மாதம்தான் ஊசி போட்டார்கள். பின்னால் ஒருவன் இருக்கும்போது எந்த முடிச்சிலும். ஆனால் பரஞ்சோதி ஒருவன் இல்லையே, பின்னால் வருகிற ஆள் என்றால் வேறு யாரோ, எண்ணிக்கைக்குள் வருகிற ஆள். கடைசி ஆளுக்குப் பின்னால் நாங்கள், நாங்கள் என்றால் ஓராள். எந்த வருடம் பரஞ்சோதியைத் தனியாக எண்ணினேன், அதுதான், அதனால்தான் மறந்தேன். மறந்தேன். காலடியில் கல் வழுக்கியது, முழங்காலில் மிதிகட்டை இடித்தது. மறந்தவன் இறங்குவானா? சைக்கிளைச் சாத்திவிட்டு, இரட்டை முடிச்சு, ஈர முடிச்சு, இரண்டு மரத்திலும், நகம் நோக நோக, அவ்வளவு நேரம். மற்ற நாடா எல்லாவற்றையும் பிடுங்கினவன் அதை மட்டும் ஆறுதலாக அவிழ்த்தானே. அவிழ்க்கிறபோது ஒருதரம் மேலே, வந்த பாதையைப் பார்க்கவில்லையா? பார்த்தேனா? பார்த்தேன். பனி. பனியைத்தான் பார்த்தேன். பார்த்ததாக இப்போது நினைக்கிறேன். “பரஞ்சோதீ!” என்று கத்தினான். அந்தப் பெயர் மரங்களுக்குள் போய் ஒன்றிலும் படாமல் கரைந்தது. எங்கேயோ ஒரு நாய் மட்டும் குரைத்தது. அப்போது, கூப்பிடாமலே, ஒரு எண்ணம் வந்து நெஞ்சுக்குள் குந்தியது: எப்படிப் பார்த்தாலும் போகிறவன்தானே. லண்டனுக்குப் போனாலும் கிடங்குக்குள் போனாலும் எனக்கு ஒன்றுதானே. சொன்னது தன் மண்டைதான் என்று விளங்க ஒரு கணம் பிடித்தது. சைக்கிளை அப்படியே பாதையில் போட்டான். ஓடினான். வாயில் இரும்பு ருசித்தது. முருகா என்று சொல்ல வாயெடுத்து, இந்த வாயால் வேண்டாம் என்று விட்டான்.

பிரிகிற இடத்தில் ஈர மண்ணில் ஒரு டயர்த் தடம் இடதுபக்கம் போயிருந்தது. நேராக. தயக்கம் ஒன்றும் இல்லாமல். பன்னம்செடிகளை விலக்கிக்கொண்டு போனான். கால்கள் தாமாக மெதுவாகின, போய்ப் பார்க்க விரும்பாத கால்கள். முதலில் பச்சை ஹெல்மெட் தரையில் கிடந்தது. பிறகு சைக்கிள், பக்கவாட்டில், அதன் முன்சில்லு விளிம்புக்கு வெளியே வெறும் பனிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இப்பால், செடிக்குள், காலை நீட்டிப்போட்டுப் பரஞ்சோதி இருந்தான். முழங்காலில் தோல் உரிந்து இரத்தம் சப்பாத்துவரை வந்திருந்தது. ஒரு கையால் ஒரு வேரைப் பிடித்திருந்தான், இப்போதும், விடாமல். இவனைப் பார்த்தான். தில்லையம்பலம் பக்கத்தில் குந்தி அந்தக் கையை வேரிலிருந்து விரல் விரலாகக் கழற்றினான், விரல்கள் குளிர்ந்திருந்தன. “சாகப் பாத்தன்,” என்றான் பரஞ்சோதி, சாதாரணமாக, பஸ்ஸைத் தவறவிடப் பார்த்தேன் என்கிற மாதிரி. பிறகு பாதையின் வாயைத் திரும்பிப் பார்த்தான். “குறுக்கால நாடா ஒண்டும் இல்லை.”

“இருந்தது.”

“ஆர் கழட்டினது?”

“நான்தான்.”

பரஞ்சோதி தலையாட்டினான். முழங்காலைப் பார்த்தான், ஒரு செடியைப் பிடுங்கித் துடைத்தான், துடைக்க இன்னும் வந்தது. “ஒடீல் உனக்குச் சொல்லிட்டா போல,” என்றான். தில்லையம்பலம் பைக்குள் கையை விட்டுத் தண்ணீர்ப் போத்தலைத் தேடினான். நாடாதான் வந்தது, நாடா, நாடா. போத்தலை எடுத்து முழங்காலில் ஊற்றினான். “ஆ, மெல்ல.” இன்னும் ஊற்றினான். பரஞ்சோதியின் தலைமயிர் இவ்வளவு கொட்டிவிட்டதை இன்றைக்குத்தான் பார்க்கிறான் போலிருந்தது. கீழே, கண்ணுக்குத் தெரியாத அடியில், எங்கேயோ தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்டு கேக்கிறன்,” என்றான் பரஞ்சோதி. “நான் பின்னால வாறன் எண்டு தெரிஞ்சுதான் கழட்டினனியோ, மறந்துபோயோ?”

தில்லையம்பலம் போத்தலின் மூடியைத் திருகினான். மூடி ஏற்கனவே இறுகியிருந்தது. இன்னும் திருகினான்.

“மறந்துபோய்,” என்றான்.

பரஞ்சோதி அவனுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், தொழிற்சாலையில் ஒரு பாணைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி.

“சரி,” என்றான். “நானும் மறந்துபோய்த்தான் உனக்குச் சொல்லேல்லை.”

தில்லையம்பலம் விளிம்பிலிருந்து சைக்கிளை இழுத்தெடுத்தான். கைபிடி கொஞ்சம் வளைந்திருந்தது. முன்சில்லைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கி நிமிர்த்தினான். நாடா ஒன்றை முழங்காலில் சுற்றிக் கட்டினான். இருவரும் நடந்தே இறங்கினார்கள், வழியில் போட்டுவிட்டு வந்த சைக்கிளையும் எடுத்துக்கொண்டு, முன்னே ஒருவன் பின்னே ஒருவன் என்றில்லாமல், பாதை இடம் கொடுத்த இடத்திலெல்லாம் பக்கத்தில் பக்கத்தில். தோள் தோளில் இடித்தபோது இருவரும் விலகிக்கொண்டார்கள். சூப் ஆறிப்போயிருந்தது. கிழவர் முழங்காலைப் பார்த்து ஏதோ சொல்ல, பரஞ்சோதி சிரித்துக்கொண்டே, வயிறு முந்திப் போய்விட்டது, நான் பிந்திப்போனேன் என்று பிரெஞ்சில் பகிடி விட்டான். கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். “சுகந்தி கறிக்குக் கணவாய் எடுத்து வைச்சிருக்கிறா,” என்றான் பரஞ்சோதி பாலத்தில் வைத்து, ஆற்றைப் பார்த்தபடி. “வருவாய்தானே?” “பாப்பம்,” என்றான் தில்லையம்பலம். பாப்பம் என்றால் வரமாட்டேன் என்று இருவருக்கும் தெரியும். அக்கரையில் அடுத்த ஏற்றம் தொடங்கியது. முதல் மரத்தில், இடதுபக்கம், மஞ்சள் நாடா தொங்கியது. தில்லையம்பலம் சைக்கிளைச் சாத்தினான். திரும்பி, பரஞ்சோதி பாலத்தைக் கடந்து தன் பக்கத்துக்கு வந்து சேரும்வரை பார்த்து நின்றான். பிறகு முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.